தூங்குகிறவரை எழுப்பாதீர்கள்!

என் வீட்டுக்காரர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்கு வேன் ஓட்டுகிறவர். போன மாசியில், விடிகாலை நாலு மணிக்குத் திரும்பி வரும்போது, கிருஷ்ணன்கோவில் பக்கம் வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. புளியமரத்துக்கும் பம்பருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. "கண்ணு தொறந்துதான் புள்ள இருந்துச்சு, ஆனா ஒண்ணும் தெரியல" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

யோசித்தால், தப்பு என் பேரிலும்தான். பகலில் அவர் படுத்த உடனே ரேஷன், கரண்ட் பில் என்று எழுப்பிவிடுவேன். இப்போது மதியம் எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது, குக்கர் விசிலும் கிடையாது. சோழபுரத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும்!

1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, அஞ்சு மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று எழுதியிருந்தார்கள். ஓனரா தரப்போகிறார்? சுக்குக் காபி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதனால் திருமங்கலம் தாண்டியதும், பெட்ரோல் பங்க்கில் அலாரம் வைத்து இருபது நிமிஷம் படுக்கிறார். இடுப்புக்குப் பின்னால் வைக்கப் பழைய வேட்டியைச் சுருட்டித் தைத்துக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் பாட்டில் காலடியில் வைப்பதில்லை. உருண்டு போய் பிரேக்குக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

வீடு வந்து சேர அரை மணி லேட்டாகிறது. வாசல் தெளித்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, சோழபுரம்.