ஏலம் போட்ட ஏத்தன் குலை

ஒரு ஏத்தன் வாழைக்குலை. நன்றாக விளைந்து, அடிச்சீப்பில் லேசாக மஞ்சள் தட்டியது. களியக்காவிளைச் சந்தையில் கிலோ கணக்கில் நிறுத்து, காம்புக்கு இவ்வளவு கழிவு என்று பேரம் பேசித்தான் வாங்குவார்கள். அதே குலை அறுப்பின் பண்டிகையன்று ஆலய முற்றத்து மேசைமேல் ஏறிவிட்டால் தராசுக்கு வேலை இல்லை. ஒருவர் ஐந்நூறு என்பார். பின்னாலிருந்து ஒரு குரல் ஆயிரம் என்னும். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை இரண்டாயிரம் என்பான். ஏலம் முடிந்ததும், எடுத்தவரே குலையை மறுபடி மேசைமேல் வைத்து, 'இன்னொரு தரம் போடுங்கோ' என்பார். ஒரே குலை இரண்டு தரம், மூன்று தரம் விற்கும். பக்கத்தில் காலைக் கட்டிப்போட்ட சேவல், மூடு மரச்சீனி, சேனை, காச்சில், ஒரு சக்கை, பிள்ளைகள் கொண்டுவந்த கோழிமுட்டை எல்லாம் வரிசையில் காத்திருக்கும்.

நெய்யாற்றின்கரையை ஒட்டிய அதியன்னூர் தொடங்கி, அமரவிளை, பாறசாலை வழியாக எல்லையைத் தாண்டி மார்த்தாண்டம், நெய்யூர்வரை, பழைய லண்டன் மிஷன் சபைகள் இருக்கிற ஊரெல்லாம் இந்தக் காட்சி உண்டு. அந்தப் பக்கம் மலையாளத்தில் ஏலம் கூறுவார்கள், இந்தப் பக்கம் தமிழில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. தென்னிந்தியத் திருச்சபையும் 1959-இல் தன் தென்திருவிதாங்கூர்ப் பேராயத்தைக் கன்னியாகுமரி, தென்கேரளம் என்று இரண்டாக்கிக்கொண்டது. பண்டிகையை மட்டும் யாரும் பிரிக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் இந்த ஏலத்தைப் பார்த்தால் சிரிப்பார்கள். கோயிலா, கமிஷன் மண்டியா என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதிலைத் தேட இருநூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அதற்கு முன், வேதத்தில் ஆசாப்பின் பெயரால் உள்ள ஐம்பதாவது சங்கீதத்தைப் பார்த்துவிடலாம். ஸ்தோத்திரத்தைப் பற்றிய பிரசங்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. அதன் கடைசி வசனம் துதி செலுத்துகிறவனையும் தன் நடையைச் செம்மைப்படுத்துகிறவனையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பிரசங்கிகள் பெரும்பாலும் அந்த வசனத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். முழுச் சங்கீதத்தையும் வாசித்தால் அது வாழ்த்துப்பாவே இல்லை என்று தெரியும். கடவுள் தம் ஜனத்தைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிற வழக்கு. உன் தொழுவத்துக் காளை எனக்கு வேண்டாம், மலைகளில் மேய்கிற மாடெல்லாம் என்னுடையதுதானே என்கிறார். வாயால் நியாயப்பிரமாணத்தை ஒப்பித்துக்கொண்டே திருடனோடு கூட்டுச் சேர்கிறவனைப் பிடித்து உலுக்குகிறார். நன்றிக் காணிக்கை கேட்கிற கடவுள் கணக்கும் கேட்கிறார் என்பதுதான் அந்தச் சங்கீதம்.

இதை இந்த மண்ணில் முதன்முதலில் கேட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் என்பவரின் அழைப்பின் பேரில் லண்டன் மிஷனரி ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தது 1806-இல். அப்போது சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாகக் காளையும் கிடையாது, தொழுவமும் கிடையாது. பனையேறி அக்கானி இறக்கியவர்கள், பிறத்தியான் வயலில் நாற்று நட்டவர்கள், வயலோடு சேர்த்து விற்கப்பட்ட புலையர், பறையர். சர்க்காருக்கும் கோயிலுக்கும் நிலவுடைமைக்கார ஜென்மிக்கும் கூலியில்லாமல் சுமை தூக்க வேண்டும். அழைத்தால் போக வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும். ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், 1815-இல்தான் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கட்டாய வேலையிலிருந்தும், கோயில் சார்ந்த கட்டாய வேலையிலிருந்தும் விலக்குக் கிடைத்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிய 1855 ஆக வேண்டியிருந்தது.

இப்படிப் பறித்தே பழக்கப்பட்ட நாட்டில் 'நீயாகக் கொடு' என்று ஒருவன் கேட்கப்படுவது சாதாரண விஷயமில்லை. கொடுக்கிறவனுக்குக் கையில் ஏதோ ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும். விளைந்ததில் முதல் குலையை ஆலயத்துக்கு என்று ஒதுக்குகிறவன், மிச்சம் தன்னுடையது என்றும் சேர்த்துத்தான் சொல்கிறான். அறுப்பின் பண்டிகையைப் பற்றி எத்தனையோ வியாக்கியானம் கேட்டிருக்கிறேன். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. கப்பம் கட்டி முதுகு வளைந்தவர்கள் காணிக்கை போட்டு நிமிர்ந்தார்கள்.

இன்னும் சின்னதாக ஒன்று உண்டு. பிடியரிசி. குலை கொண்டுவரத் தோட்டம் வேண்டும், சேவலுக்கு முற்றம் வேண்டும். ஒன்றுமில்லாத வீட்டிலும் அடுப்பு எரியுமே. உலையில் போட அரிசியைக் களைவதற்கு முன், பெண்கள் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். தினமும், நேரந்தோறும். ஞாயிறன்று கலயத்து அரிசி கடவத்தில் ஏறி ஆலயத்துக்குப் போகும். பிடி என்பது அந்தந்தப் பெண்ணின் கை அளவு. முந்தின நாள் கஞ்சி எவ்வளவு நீர்த்திருந்தது என்பதும் அந்தக் கைக்குத் தெரியும். அந்த அரிசியில் உபதேசியார் வீட்டு உலை கொதித்தது, சபையின் ஏழைகளுக்கும் பங்கு போனது, மீதி விற்றுக் கட்டட நிதியில் சேர்ந்தது. ஆண்கள் எழுதிய மிஷன் சரித்திரங்களில் கல் நாட்டிய துரைமார் பெயர்கள் வரிசையாக இருக்கும். கலயத்தில் அரிசி போட்டவர்களின் பெயரைத் தேடினால் கிடைக்காது.

துதிக்கு வருவோம். இந்தப் பகுதிக்குப் பாட்டுப் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. லண்டன் மிஷனின் தென்திருவிதாங்கூர்ப் பணி தமிழில் தொடங்கியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளோடு மயிலாடியில் பிறந்த ஜான் பால்மரின் பாடல்களும் சபைகளில் ஒலித்தன. கிறிஸ்தாயனம் என்ற காவியத்தை எழுதியவர் இந்தப் பால்மர்தான். மேற்கே மலையாளத்துக்கு அந்த வேலையைச் செய்தவர் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்துத் திருப்புறத்தில் 1847-இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார். தமிழும் படித்தவர், கர்நாடக இசை அறிந்தவர், லண்டன் மிஷன் ஊழியர். இறைவா, உன் சித்தப்படி என்னை நடத்து என்று வேண்டுகிற அவருடைய மலையாளக் கீர்த்தனை இன்றைக்கும் சபைப் பிரிவு பாராமல் பாடப்படுகிறது. கேட்டுப் பார்த்தால், ஆசீர்வாதத்துக்கு நன்றி சொல்கிற அவசரமே அதில் இருக்காது. தன் விருப்பத்தை ஒதுக்கி வைக்கிற பாட்டு அது. இப்போது பெட்டிபெட்டியாக ஒலிபெருக்கி அடுக்கிப் பாடுகிற துதிப் பாடல்களில் பாதிக்குமேல் 'எனக்குத் தந்தீரே' என்கிற கணக்குத்தான். தராத வருஷத்தில் என்ன பாடுவது?

தராத வருஷம் என்றதும் நினைவுக்கு வருகிறவர் நட்டாலத்து நீலகண்டன். 1712-இல் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர். வீட்டில் மாடுகள் சாகின்றன, பயிர் அழிகிறது, மனிதர் உடைந்துபோகிறார். குளச்சல் போரில் தோற்று, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படையைப் பழக்க வந்த டச்சுக் கம்பெனிக்காரர் டிலனாய் அவரிடம் யோபுவின் கதையைச் சொல்கிறார். மந்தை, மக்கள், உடல்நலம் எல்லாம் போன பிறகும் கடவுளைப் பழிக்காத யோபு. மற்றவர்களை அற்புதங்கள் இழுத்திருக்கலாம். இவரை இழுத்தது நஷ்டப்பட்டவன் ஒருவனின் நன்றி. 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குப் பிறகு தாழ்த்தப்பட்டவர்களோடு வித்தியாசம் பாராமல் பழகினார். எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, பெயரின் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் விட்டுவிட்டது. 270 வருஷம் ஆகியிருந்தது அதற்கு. அவரே இருந்திருந்தால் ஞானஸ்நானத் தொட்டியிலேயே அதை விட்டுவந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நடையைச் செம்மைப்படுத்துவது என்பது இந்த எல்லை ஊர்களில் உடுப்பு வரை வந்த விஷயம். கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணிந்தார்கள். மேல்சாதிப் பெண்களைப் போல மேல்துண்டும் போட்டபோது மேல்சாதிக்காரர்கள் அதைச் சந்தையில் கிழித்தெறிந்தார்கள். 1820-களில் ஒருமுறை, 1858–59-இல் மறுமுறை என்று கலவரம். ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிவிப்பு நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையைத் தந்தது. மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அந்தக் காலத்தில் பாறசாலையில் பணியாற்றிய மிஷனரிகளில் ஜான் ஆப்ஸும் சாமுவேல் மெட்டீரும் எழுதி வைத்துவிட்டுப் போனதால் நமக்குப் பல விவரங்கள் தெரியும். துணி கிழிந்த பெண்கள் மறுபடியும் குப்பாயம் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வந்தார்களே, அதைத் துதி என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

சபைக்குப் புகழ் பாடி முடித்துவிட்டால் ஐம்பதாம் சங்கீதம் விடாது. கிறிஸ்தவத்துக்கு வந்த பிறகும் நாடார் சபை, புலையர் சபை, சாம்பவர் சபை என்று தனித்தனியே உட்கார்ந்த வரலாறும் இதே மண்ணின் வரலாறுதான். மிஷனரிகளே அதை எழுதி வருத்தப்பட்டிருக்கிறார்கள். ஒரே பாட்டைப் பாடிய வாய்கள் ஒரே பந்தியில் சாப்பிடத் தயங்கின.

அதியன்னூரின் மிகப் புகழ்பெற்ற மகன் கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சில் அவருக்கு இடம் உண்டு. சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை, 1878-இல் இங்கே பிறந்தவர். திவான் ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைப் பத்திரிகையில் கிழிகிழி என்று கிழித்து, 1910 செப்டம்பரில் நாடு கடத்தப்பட்டவர். நேர்மைக்கு உதாரணம் சொன்னால் இவர் பெயர்தான் முதலில் வரும். அதே காலகட்டத்தில் சற்றுத் தள்ளி ஊரூட்டம்பலத்தில் அய்யன்காளி பஞ்சமி என்ற புலையர் சிறுமியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கையைப் பிடித்து அழைத்துப் போனார், பள்ளிக்கூடத்தையே எரித்துவிட்டார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கலாமா என்ற கேள்விக்கு ராமகிருஷ்ண பிள்ளை எழுதிய பதில், குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதா என்பது. திவானிடம் கணக்குக் கேட்ட பேனா அந்தச் சிறுமிக்கு நேரே திரும்பியபோது மழுங்கிவிட்டது. ஒரு பக்கத்தில் நெஞ்சு நிமிர்த்தி நிற்கிற மனிதன் இன்னொரு பக்கத்தில் அப்படியே குனிந்துவிடுவது சபைக்கும் பொருந்தும், பத்திரிகைக்கும் பொருந்தும்.

இன்னொரு மனிதரையும் சொல்ல வேண்டும். பாறசாலைக்கு வடகிழக்கே காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சோமர்வெல் பெயரில். ஹோவர்ட் சோமர்வெல் 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய மருத்துவர். பயணம் முடிந்து தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிக் கூட்டத்தையும், அத்தனை பேருக்கும் ஒற்றை ஆளாக ஈடுகொடுத்துக்கொண்டிருந்த மருத்துவரையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த பெரிய எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்ட். இருபத்தெட்டாயிரம் அடியை நெருங்கி, இறங்கும்போது தொண்டை அடைத்து, மூச்சு நின்று செத்துப்போக வேண்டியவர். நெஞ்சைத் தானே அழுத்தி அடைப்பைத் துப்பிப் பிழைத்தார். பிழைத்த மனிதர் நன்றிக் கூட்டம் நடத்தியதாகத் தெரியவில்லை. நெய்யூருக்குத் திரும்பி இருபது வருஷத்துக்குமேல் வயிற்றுப் புண்ணுக்கும் கட்டிக்கும் கத்தி பிடித்தார்.

இப்போது ஏல மேசைக்குத் திரும்பினால், கோயிலா மண்டியா என்ற கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. பிடியரிசிக் கலயம் பல வீடுகளில் இல்லை, காணிக்கைக் கவர்தான். நெல் வயல்கள் ரப்பரும் வாழையும் வீடுமாக மாறிவிட்டன, அதனால் சிலர் சந்தையில் குலை வாங்கி 'முதற்பலன்' என்று கொண்டுவருகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளக்காரனுக்கு முதல் விளைச்சல் சம்பளந்தானே. ஆனால் மைக்கில் பெயரும் தொகையும் முழங்குவது வேறு. பிடியரிசி போட்டவளுக்கு மைக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் ஆயிரம் சொன்னான் என்பதற்காக இரண்டாயிரம் சொல்கிறவனின் நன்றி கடவுளைப் பார்த்துச் சொல்லப்பட்டதா, பக்கத்து வீட்டைப் பார்த்தா என்று ஏலம் கூறுகிறவருக்கே தெரியும்.

அதைவிட, எந்தச் சபைப் பொருளாளரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய ஒன்று உண்டு. ஏலத்தில் ரொக்கமாகக் கொடுப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கு ஒரு நோட்டில் பெயர் எழுதி, சாமானைக் கொடுத்து அனுப்புவார்கள். பண்டிகை முடிந்து மாதங்கள் கழிந்தும் அந்த நோட்டில் சில வரிகளுக்கு நேரே பைசல் குறி விழாது. குலை பழுத்து, தின்று, தோலும் உரமாகியிருக்கும். அடுத்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு நோட்டீஸ் அடிக்கிற சமயத்தில் பொருளாளர் பழைய நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்புவார். போன வருஷம் மிகச் சத்தமாக விலை சொன்ன வீட்டுக்குத்தான் அவர் அதிக தடவை போக வேண்டியிருக்கும்.