'எவ்வுள்?' என்று கேட்ட ஊரில்... 40-ஐத் தாண்டியவர்களுக்கு நிம்மதி தரும் 7 எளிய வழிகள்!

அதிகாலை 5 மணி. மணவாள நகரில் கம்பெனி பஸ்ஸுக்காகக் கையில் டிபன் பையோடு நிற்பவர்கள் ஒரு பக்கம். சென்னை செல்லும் மின்சார ரயிலைப் பிடிக்க, பக்கத்திலேயே இருக்கும் திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு விறுவிறுவென்று நடப்பவர்கள் இன்னொரு பக்கம். நைட் ஷிஃப்ட் முடிந்து, கண்கள் எரிய எதிர்த்திசையில் வீடு திரும்புபவர்களும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், காக்களூர், கும்மிடிப்பூண்டி என்று நாலா பக்கமும் தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதி. இங்கே பல வீடுகளில் காலை என்பதே ஓட்டத்தோடுதான் தொடங்குகிறது.

அந்தக் கூட்டத்தில் 40 முதல் 55 வயதுக்குள் இருப்பவர்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒரு கையில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் டியூஷன் ஃபீஸ், மறு கையில் அப்பாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டு. நடுவில் வீட்டு லோன் இ.எம்.ஐ. வேலையிலோ, நேற்று சேர்ந்தவர் வேகமாக முன்னேறிப் போகிறார். வீட்டுக்கு வந்தால் சின்ன விஷயத்துக்கும் கோபம் வருகிறது. கத்தி முடித்த பத்தாவது நிமிடம், 'ஏன் இப்படிப் பேசினோம்?' என்று மனசு உறுத்துகிறது. நடுத்தர வயது பலருக்கும் இப்படித்தான் கழிகிறது.

இதே திருவள்ளூருக்கு ஒரு பழைய பெயர் உண்டு, திருஎவ்வுள். இங்குள்ள வைத்திய வீரராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணம் அதற்கு ஒரு கதை சொல்கிறது. சாலிஹோத்ர முனிவர் ஓராண்டு விரதம் முடித்துச் சாப்பிட அமர்ந்தபோது, முதியவர் ஒருவர் பசி என்று வந்தார். முனிவர் உணவைக் கொடுத்தார். 'போதவில்லை' என்றதும், தன் பங்கையும் கொடுத்தார். உண்ட களைப்பில் அந்த முதியவர், 'படுக்க எவ்வுள்?' (எந்த இடம்?) என்று கேட்டார். முனிவர் தன் குடிலையே காட்ட, பெருமாள் அங்கேயே பள்ளிகொண்டார் என்கிறது கதை. கோயில் குளத்தின் பெயர் ஹிருத்தாபநாசினி. 'மனதின் தாபத்தைப் போக்குவது' என்று பொருள். அமாவாசை நாள்களில் திரளும் பக்தர்கள், இந்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்துத் தங்கள் நோயும் அதுபோலக் கரைய வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள்.

கொஞ்ச நேரம் சாய ஓர் இடம் வேண்டும். மனசின் எரிச்சல் தணிய வேண்டும். நடுத்தர வயதுக்காரர்கள் கேட்பதும் இந்த இரண்டைத்தான். அதற்காக மலைவாசஸ்தலம் போக வேண்டாம், பணம் கட்டி வகுப்பில் சேர வேண்டியதும் இல்லை. இருக்கிற நாளுக்குள்ளேயே செய்யக்கூடிய ஏழு வழிகள் இங்கே...

1. மூச்சை மெதுவாக விடுங்கள்

'டென்ஷனா? ஆழமா மூச்சு இழு' என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் இழுப்பதைவிட விடுவதில்தான் விஷயம் இருக்கிறது. மூச்சை நிதானமாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது. உடலை ஓய்வு நிலைக்குக் கொண்டுவரும் வேகஸ் நரம்பின் வேலை இது.

மனசுக்குள் நாலு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடத்தில் முப்பது. ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றாலும் செய்யலாம். தலை சுற்றினாலோ, மூச்சு முட்டினாலோ நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.

2. வாசலில் ஐந்து நிமிடம்

அந்தக் காலத்தில் வேலை முடிந்து வருபவர் நேராக வீட்டுக்குள் போய்விட மாட்டார். வாசலில் கைகால் கழுவுவார், திண்ணையில் கொஞ்சம் உட்காருவார், ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே தானாகவே ஓர் இடைவெளி இருந்தது. இன்று திண்ணையும் இல்லை, இடைவெளியும் இல்லை. சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டு, அரை மணி நேரத்தில் பிள்ளையின் தலையில் இறங்கிவிடுகிறது.

அந்தத் திண்ணையை வேறு வடிவில் மீட்டெடுக்கலாம். பைக்கை நிறுத்தியதும் உடனே இறங்காமல் இரண்டு நிமிடம் உட்காருங்கள். உள்ளே போனதும் முகம் கழுவி, உடை மாற்றும்வரை, 'ஃபீஸ் கட்டியாச்சா? மார்க் என்ன ஆச்சு?' போன்ற பேச்சுகள் வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும் பெண்கள் செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்படிக்குள் நுழைவதுதான் வழக்கமாக இருக்கிறது. இந்த ஐந்து நிமிடம் முதலில் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

3. கவலைகளை நான்காகப் பிரியுங்கள்

கூடுவாஞ்சேரியில் 1911-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. உழைத்துப் பிழைத்த குடும்பஸ்தராக இருந்தவர். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, இல்லறத்தில் இருப்பவர்களுக்கான பயிற்சிகளை 'மனவளக்கலை' என்ற பெயரில் சொல்லிக்கொடுத்தார். அதில் 'கவலை ஒழித்தல்' என்று ஒரு பகுதி. கவலைகளை எழுதி, அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கச் சொன்னார் அவர்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போடக்கூடியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை.

நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். அம்மாவுக்கு வயதாகிறது. அது ஏற்றுக்கொண்டே ஆக வேண்டியது. ஒன்பதாவது படிக்கும் மகளின் கல்யாணச் செலவைத் தள்ளிப்போடலாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மச்சான் போட்ட குத்தல் பதிவை அலட்சியப்படுத்தலாம். பிரஷர் மாத்திரை நாளையோடு தீர்கிறது, இது உடனே கவனிக்க வேண்டியது. பத்துக் கவலைகளை எழுதிப் பார்த்தால், இன்றைக்கே கைவைக்க வேண்டியவை பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் தேறும்.

4. நாளைய வேலையை இன்றிரவே எழுதுங்கள்

படுத்ததும் 'கேஸ் புக் பண்ணணும், ஸ்கூலுக்குப் போகணும், ரேஷன் வாங்கணும்' என்று மனசு பட்டியல் போடத் தொடங்கும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 இளைஞர்களிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒரு பிரிவினர் இனி செய்ய வேண்டிய வேலைகளையும், இன்னொரு பிரிவினர் முடித்த வேலைகளையும் எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். ஆய்வு சின்னதுதான், இளைஞர்களிடம் நடந்ததுதான். ஆனாலும் பழைய டைரி ஒன்றும் பேனாவும் இருந்தால் போதும், நாமும் முயன்று பார்க்கலாம். செல்போனில் எழுத வேண்டாம். எழுதப் போய் ரீல்ஸில் மாட்டிக்கொள்வோம்.

5. தூக்கத்துக்குப் பாதுகாப்பு கொடுங்கள்

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. காபியில் உள்ள காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்த காபி, இரவு 10 மணிக்கும் பாதி மிச்சமிருக்கிறது. தூக்கம் வராதவர்கள் மதியத்துக்குப் பிறகு டீ, காபியைக் குறைத்துப் பாருங்கள்.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குப் பகல் தூக்கம்தான் இரவுத் தூக்கம். ஜன்னலுக்கு அடர்நிறத் திரை, போனுக்கு சைலன்ட், 'அப்பா தூங்குறார்' என்பதை மதிக்கும் குடும்பம் என மூன்றும் வேண்டும். ஷிஃப்டின் கடைசி இரண்டு, மூன்று மணி நேரத்தில் டீயைத் தவிர்த்தால், வீட்டுக்கு வந்ததும் படுக்கலாம். 'பகலில் தூங்குகிறார்' என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால், அதை அந்த மூன்றாவது வகைக் கவலையில் சேர்த்துவிடுங்கள்!

6. நடங்கள், வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள்

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைந்தபட்சக் கணக்கில் தினம் 30 நிமிட வேக நடை, வாரம் ஐந்து நாள். ஒரே மூச்சாக நடக்க முடியாவிட்டால் பத்து பத்து நிமிடமாகப் பிரிக்கலாம். ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவுக்குப் பதிலாக நடை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் இரண்டு சுற்று என்று தொடங்குங்கள். விடுமுறை நாளில் 1944-ல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் பக்கம் குடும்பத்தோடு ஒரு மாலை போய்வரலாம்.

ஆனால், 'எனக்கு நடக்க எங்கே நேரம்?' என்று கேட்கும் பெண்களிடம் நியாயம் இருக்கிறது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்குத் தினமும் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஐந்து மணி நேரம் அடுப்படியில் நிற்பவரிடம் 'தியானம் பண்ணு, டென்ஷன் குறையும்' என்பது அறிவுரை ஆகாது. இரவுப் பாத்திரம் கணவர் பொறுப்பு, துணி மடிப்பது மகன் பொறுப்பு, மாமனாரை செக்கப்புக்கு அழைத்துப் போவது அண்ணனும் தம்பியும் மாறி மாறி என்று பிரித்தால் போதும். அந்த வீட்டில் மூச்சுப் பயிற்சிக்கு நேரம் தானாகக் கிடைக்கும்.

7. 'டென்ஷன்' என்று ஒதுக்காமல் பரிசோதியுங்கள்

எல்லாப் படபடப்பும் மனசில் தொடங்குவதில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை சட்டென்று குறைந்தாலும் படபடப்பு வரலாம். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே தூக்கமின்மை, திடீர் வியர்வை, எரிச்சல் எல்லாம் தலைகாட்டலாம். 'இப்பல்லாம் அம்மா சும்மா சும்மா கத்துறாங்க' என்று பிள்ளைகள் கேலி செய்யும் வீடுகளில், அம்மாவின் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. டாக்டரிடம் பேசினால் இதற்குச் சிகிச்சை உண்டு.

ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பார்த்தால்தான் தெரியும். தமிழக அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள். அவர்கள் கதவைத் தட்டும்போது 'அப்புறம் வாங்க' என்று அனுப்பிவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, கவலையை மறக்கக் குடி அதிகமாகிவிட்டாலோ தனியாகச் சமாளிக்க வேண்டாம். 'டெலி மானஸ்' என்ற இலவச மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர் முதல் செயல்படுகிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 'வாழவே பிடிக்கவில்லை' என்ற எண்ணம் ஒரு தடவை வந்தால்கூட, அந்த நிமிடமே அழைத்துவிடுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

ஏழையும் நாளைக்கே தொடங்கினால், அதுவே எட்டாவது டென்ஷனாகிவிடும். ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் செய்து பாருங்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை, மறுநாள் தொடருங்கள். கடன் குறையாது, ஷிஃப்ட் மாறாது. ஆனால் அவற்றைச் சமாளிக்கும்போது வீட்டில் இருப்பவர்கள் மீது எரிந்துவிழுவது குறையும். அதுவே பெரிய விஷயம்.

அந்தத் தலபுராணக் கதையில் முதியவருக்குப் படுக்க இடம் கிடைத்தது. உணவையும் குடிலையும் கொடுத்துவிட்டு வெளியே நின்றவர் முனிவர். நடுத்தர வயதில் நாமும் அப்படித்தான் நிற்கிறோம். பெற்றவர்களுக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஒரு பங்கு. கொடுப்பதை நிறுத்த வேண்டாம். இன்றிரவு எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, 'எனக்கு எவ்வுள்?' என்று வீட்டில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கேட்காததால்தான், இத்தனை நாள் யாரும் இடம் காட்டாமல் இருந்திருக்கலாம்.