‘டை’ போய் ‘ட’ வந்தது: மலையேறிய ஒரு பட்டப்பெயர்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் வரலாற்றை எடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் ‘தொண்டைமான்’ என்ற பெயர் வரும். அதே பெயரை இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ நோர்வூட்டிலோ தேடினால் ‘தொண்டமான்’ என்றுதான் கிடைக்கும். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம்; நோர்வூட்டில் தொண்டமான் மைதானம். ‘டை’ இருந்த இடத்தில் ‘ட’. கடலைக் கடந்து மலையேறியபோது அந்தப் பெயர் ஓர் ஐகாரத்தைத் தவறவிட்டது.

இதை எழுத்துப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் ஒலிக்கும்போது தன் இரண்டு மாத்திரையில் இருந்து குறையும் என்பது இலக்கணம் அறிந்த செய்தி. ஐகாரக்குறுக்கம் என்று அதற்குப் பெயரும் உண்டு. ‘தொண்டைமான்’ என்று வேகமாகச் சொன்னால் காதில் விழுவது ‘தொண்டமான்’தான். தமிழகத்தில் கல்வெட்டும் இலக்கியமும் அரண்மனை ஆவணமும் அந்த ஐகாரத்தை எழுத்தில் காத்து வைத்தன. மலையகத்தில் காதில் விழுந்ததே எழுத்தாகவும் நிலைத்துவிட்டது.

மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறை கடந்து வரும் குடும்பப் பெயரைக் காண்பதே அரிது. அதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜீ. ஆர். மோத்தா, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், அலுத்நுவரவில் டி. இராமானுஜம், பதுளையில் எஸ். எம். சுப்பையா. பட்டியலை மறுபடியும் படித்துப் பாருங்கள். ஐந்து பேர் முன்னெழுத்தும் சொந்தப் பெயருமாக நிற்கிறார்கள். தொண்டமானும் மோத்தாவும் மட்டுமே வேறு மாதிரி.

மோத்தா என்பது தூத்துக்குடிக் கரையோரப் பரதவரிடையே வழங்கும் போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்களில் ஒன்று. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையாகக் கத்தோலிக்கம் தழுவியபோது, பெர்னாண்டோ, கோமஸ், மோத்தா போன்ற பெயர்கள் அந்தக் கரையில் வேர்விட்டன. தொண்டமானின் வேரோ அதைவிடப் பல நூற்றாண்டு பழையது.

தொண்டை என்பது கொவ்வைக் கொடி. அந்தக் கொடியின் பெயரால் அறியப்பட்ட நாடு தொண்டை நாடு. காஞ்சி அதன் தலைநகர். சோழ மன்னன் ஒருவனுக்கும் நாகநாட்டு இளவரசிக்கும் பிறந்த மகன், அடையாளமாகத் தொண்டைக் கொடி சுற்றப்பட்டுக் கடல்வழியே வந்து சேர்ந்தான் என்றொரு பழங்கதை உண்டு. கதை எப்படியானாலும், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையின் தலைவன். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, முதலாம் குலோத்துங்கனின் படையைக் கலிங்கத்துக்கு நடத்திச் சென்ற கருணாகரத் தொண்டைமானைக் கலிங்கத்துப்பரணி பாடியது. ஆக, முதலில் அது நாட்டை ஆள்பவனின் பெயர். பிறகு படைத்தலைவர்களும் தாங்கிய பட்டம்.

பட்டம் குடும்பப் பெயரானது தெற்கே வந்த பிறகுதான். தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிக் கள்ளர் குடும்பங்களுக்கு நூற்றுக்கணக்கான பட்டப்பெயர்கள் உண்டு. வாண்டையார், மழவராயர், காலிங்கராயர் என நீளும் அந்த வரிசையில் தொண்டைமானும் ஒன்று. தந்தையிடமிருந்து மகனுக்கு மாறாமல் போவது இவற்றின் இயல்பு. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர் கிழவன் தன் மனைவி காதலி நாச்சியாரின் சகோதரர் இரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைக்கு அதிபதியாக்கினார். 1686ஆம் ஆண்டை அந்தச் சமஸ்தானத்தின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். 1948 மார்ச் 3ஆம் தேதி இராஜகோபாலத் தொண்டைமான் அதை இந்திய ஒன்றியத்துடன் இணைக்கும்வரை இந்தப் பெயர் அரியணையில் இருந்தது.

அரியணைக்கு எட்டாத தொண்டைமான்களும் இருந்தார்கள். இன்றைய சிவகங்கை மாவட்டத்து முனப்புதூரில் இருந்து கருப்பையா என்ற இளைஞர் பிழைப்புத் தேடி இலங்கைக்கு வந்தார். புதுக்கோட்டை வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட குடும்பம். ஆனால் கையில் இருந்தது வறுமை. தோட்டத்தில் ஆளாகச் சேர்ந்து, ஆட்களைத் திரட்டி வேலை வாங்கும் கங்காணியாக உயர்ந்தவர், பின்னாளில் இறம்பொடைப் பகுதியில் வேவண்டன் தேயிலைத் தோட்டத்தையே வாங்கினார். கூலியாக வந்தவர் தோட்டத்துக்குச் சொந்தக்காரரானது மலைநாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிகழ்வு. அவருடைய மகன்தான் 1913 ஆகஸ்ட் 30ஆம் தேதி முனப்புதூரில் பிறந்த சௌமியமூர்த்தி.

தமிழ் வழக்கப்படி அவர் ‘க. சௌமியமூர்த்தி’ ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் பாராளுமன்றப் பதிவுகளிலும் அவர் ‘எஸ். தொண்டமான்’. அப்பாவின் முதலெழுத்து நிற்க வேண்டிய இடத்தில் அவருடைய சொந்தப் பெயரே முன்னெழுத்தாகச் சுருங்கி நின்றது; பட்டம் முழுப் பெயராக முன்னே வந்தது. தோட்டத்து மக்களும் அந்தப் பட்டத்தைச் சொல்லியே அவரை அறிந்தார்கள்.

அந்த மக்களின் பெயர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் ஒரு பட்டப்பெயர் பிழைத்து வந்ததன் அருமை புரியும்.

தமிழரின் பெயர் இரண்டு தலைமுறைப் பெயர். முனியாண்டியின் மகன் பெரியசாமி என்றால் அவர் ‘மு. பெரியசாமி’. பெரியசாமியின் மகன் ‘பெ. இராமசாமி’. அங்கேயே முனியாண்டி ஏட்டை விட்டு மறைந்துவிடுகிறார். ஐஸ்லாந்து மக்களிடமும் ஏறத்தாழ இதே முறை இன்றும் இருக்கிறது. சொந்த ஊரில் இது ஒரு குறையே இல்லை. குலதெய்வக் கோயிலும் பங்காளிகளும் காணியும் இருக்கும் இடத்தில், கொள்ளுத் தாத்தாவின் பெயரை ஊரே நினைவில் வைத்திருக்கும். காணியும் கோயிலும் பின்னே நின்றுவிட, ஆள் மட்டும் மன்னாரில் இறங்கிக் காட்டுவழி நடந்து மலையேறியபோது அந்தத் துணை அறுந்தது.

புதிய இடத்தில் பெயரை எழுதியவர்கள் வேறு ஆட்கள். கடன் கணக்கை முடித்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களை மாற்றுவதற்கு ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. அதன் மையம் கங்காணி. அவருக்குக் கீழே இருந்தவர்கள் ‘இன்ன கங்காணி ஆட்கள்’. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகர வில்லையும் தொங்கியது. தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண் என அதில் பொறித்திருக்கும். வழியில் எங்கே கேட்டாலும் அந்த வில்லைதான் பதில் சொல்லும்.

தோட்டத்துக்குள் வந்தபின் பெயருக்குச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இடம் கிடைத்தது. பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் கூடி, பெயர் பதிந்து, மலைக்குப் போவது அன்றாடம். இந்தப் பழக்கம் மலையகப் பேச்சில் ஆழமாகப் படிந்துவிட்டது. அங்கே ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். நிர்ணயித்த கொழுந்து நிறை வந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். காலையிலிருந்து மழையில் நனைந்து மலையேறி இறங்கிய ஒரு பெண், மாலையில் ‘இன்னைக்கு அரைப்பேர்தான்’ என்று லயக் குடியிருப்புக்குத் திரும்பும்போது, பெயரும் வயிறும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

1948இல் பெயர் இன்னும் பெரிய சோதனைக்கு ஆளானது. புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசைத் துறந்த அதே ஆண்டு நவம்பரில், இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து மலையக மக்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. நாட்டில் இடைவிடாமல் வாழ்ந்ததை ஆவணத்தால் நிறுவ வேண்டும். மணமானவர்களுக்கு 7 ஆண்டு, மற்றவர்களுக்கு 10 ஆண்டு. பதிவு கிடைத்தது சுமார் 134,000 பேருக்கே. ஓர் ஏட்டில் கருப்பையா, இன்னொன்றில் கறுப்பன் என்று இருந்தால் அது ஒரே ஆள்தான் என்று எப்படி நிறுவுவது? திருமணத்துக்குப் பின் முன்னெழுத்து அப்பாவிலிருந்து கணவருக்கு மாறிய பெண் என்ன செய்வாள்? 1947இல் ஏழு பேரை அனுப்பிய மக்கள், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை.

எண்ணிக்கையும் இதே கதையைச் சொல்கிறது. குடிசன மதிப்பீடு ‘இந்தியத் தமிழர்’ என்று இவர்களை முதன்முதலில் தனியாகக் கணக்கிட்டது 1911இல். அப்போது ஏறத்தாழ 530,000 பேர். 1971இல் 1,174,606. பத்தே ஆண்டுகளில், 1981இல், 818,656. இந்தச் சரிவின் பெரும்பங்கு 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவு. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று அதில் முடிவானது; மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கப்பலேறித் திரும்பியவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மீண்டும் தேயிலைக்கே போனார்கள். அங்கே அவர்களுக்கு ‘சிலோன்காரர்’ என்ற புதுப் பெயர் ஒட்டிக்கொண்டது.

2012ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 839,504 பேர். அவர்களில் 377,637 பேர், அதாவது நூற்றுக்கு 45 பேர், நுவரெலியா மாவட்டத்தில் வாழ்ந்தார்கள். அந்த மாவட்ட மக்களில் பாதிக்கு மேல் அவர்களே. இந்தக் கணக்கெடுப்பு இனத்தை எண்ணும், மதத்தை எண்ணும், குடும்பப் பெயரை எண்ணாது. எண்ணினாலும் மலையகத்தில் அந்தக் கட்டம் பெரும்பாலும் அப்பாவின் பெயராலேயே நிரம்பியிருக்கும்.

இத்தனை பெயர்கள் இரண்டாம் தலைமுறையில் கரைந்துகொண்டிருக்க, தொண்டமான் என்ற பெயர் மட்டும் கரையாமல் நின்றது. சௌமியமூர்த்தி தொண்டமான் 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் மீண்டும் வென்று, 1978 முதல் 1999 அக்டோபர் 30இல் மறையும்வரை அமைச்சராக இருந்தார். பேரன் ஆறுமுகன் 1994இல் பாராளுமன்றம் சென்றார். 2020 மே மாதம் காலமானார். அதே ஆண்டு அவர் மகன் ஜீவன் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளுடன் தேர்வானார். அதே குடும்பப் பெயரைத் தாங்கிய செந்தில் தொண்டமான் 2023இல் கிழக்கு மாகாண ஆளுநரானார். தேர்தல் சுவரொட்டியில் அந்தப் பெயர் தரும் பலத்தைப் புகழ்வோரும் உண்டு, குடும்ப அரசியல் என்று கண்டிப்போரும் உண்டு. இரு சாராரும் உச்சரிப்பது ஐகாரம் குறுகிய அதே பெயரைத்தான்.

தமிழகத்தில் இதற்கு நேர்மாறான காற்று வீசியது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. காலப்போக்கில் ஏராளமான குடும்பங்கள் அவற்றைத் துறந்தன. அங்கே விரும்பி விட்டது ஒரு சமத்துவத்துக்காக. மலையகத்தில் பெரும்பாலோருக்கு விடுவதற்கே ஒரு பெயர் எஞ்சவில்லை. அவர்கள் இழந்தது ஊரும் வம்சமும் பற்றிய தகவலை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கு வழி திறந்தபோது, முதல் சில நாட்களிலேயே 190,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். இப்போது அடையாள அட்டை உண்டு, கடவுச்சீட்டு உண்டு. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் பெண்ணும் கொழும்பில் வங்கிக் கணக்குத் திறக்கும் இளைஞனும் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள்.

ஆனால் பல லய வீடுகளில் தகரப் பெட்டிக்குள் இன்னும் சில தாள்கள் கிடக்கின்றன. மடிப்பில் கிழிந்த பிரஜாவுரிமை விண்ணப்பப் பிரதி, பழைய பற்றுச்சீட்டு, இலங்கைக்கு ஆட்களை அனுப்பிய மண்டபம் முகாமின் முத்திரை விழுந்த காகிதம். அவற்றில் தாத்தாவின் தகப்பன் பெயர் இருக்கலாம். அதற்குக் கீழே யாரோ ஒரு கிளாக்கரின் சாய்ந்த கையெழுத்தில் திருச்சி ஜில்லா என்று தொடங்கி ஓர் ஊரின் பெயரும் இருக்கலாம். தாத்தா பாட்டி உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெட்டியைத் திறந்து, எழுத்து மங்குமுன் ஒரு கொப்பியில் அந்தப் பெயர்களை எழுதிவைப்பது இன்று பேரப்பிள்ளைகளின் கையில் இருக்கிறது.