ஜெராக்ஸ் எடுத்தால் ஸ்டீரியோ ஆகிவிடுமா?

‘இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஃப்ளூட் சாம்பிள்களை இறக்கி வைத்திருக்கிறேன். எல்லாம் மோனோ. ஒரே கிளிக்கில் ஸ்டீரியோவாக்கித் தருகிறேன் என்கிறது ஒரு மென்பொருள். நம்பலாமா?’ கீபோர்டு வாசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆக்கித் தரும், சந்தேகமே வேண்டாம். கோப்பைத் திறந்தால் இடம், வலம் என இரண்டு சேனல் இருக்கும். வினாடிக்கு 88,200 பைட் பிடித்த 16 பிட் ஒலி இப்போது 1,76,400 பைட் பிடிக்கும். கேட்டுப் பார்த்தால்தான் ஒன்றும் மாறியிருக்காது. ரேஷன் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது மாதிரிதான் இது. கையில் அட்டை இரண்டு. அரிசி என்னவோ பழைய அளவுதான். இரண்டு காதுக்கும் அச்சு அசலாக ஒரே ஒலி போனால், ஹெட்ஃபோனில் அது மண்டையின் நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டீரியோ என்று மூளை ஏற்பது இரண்டு சேனல் இருப்பதை வைத்து அல்ல, அவற்றுக்குள் உள்ள சின்னச் சின்ன வேறுபாட்டை வைத்துத்தான்.

இது தெரிந்த மென்பொருள்கள் அடுத்த தந்திரத்துக்குப் போகின்றன. வலது சேனலை ஒரு பத்து மில்லிவினாடி தாமதப்படுத்திவிடுகின்றன. ஜெராக்ஸ்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு ஆள் தெரியாதா? ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் கோட்டிங்கன் பல்கலைக்கழக ஆய்வேட்டில் இதைத்தான் அளந்து காட்டினார். சில மில்லிவினாடி பிந்தி வரும் பிரதியைக் காது தனி ஒலியாக எண்ணுவதில்லை. முதலில் வந்த ஒலியோடு சேர்த்துவிட்டு, அது வந்த திசையையே மொத்தத்துக்கும் திசையாக எடுத்துக்கொள்கிறது. ஒலி கொஞ்சம் பருத்துக் கேட்கும், ஆனால் இடப்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

போனில் உள்ள ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் வேஷம் முழுசாகக் கலையும். இரண்டு சேனலும் அங்கே ஒன்றாகக் கூடும்போது 50, 150, 250, 350, 450 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோகும். ஆறு கட்டையின் 440 ஹெர்ட்ஸ், 450ஐ ஒட்டி இருப்பதால் மெலிந்துவிடும். ஏழு கட்டையின் 494 தப்பித்துக்கொள்ளும். அடிப்படை அதிர்வை மட்டும் கணக்கிட்டால், முன்னதன் வீச்சு பின்னதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் ஒன்று சோகை பிடித்தும் ஒன்று கொழுத்தும் கேட்டால் அதற்குப் பெயர் வாத்தியமா?

வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் கடிதம் வரும். ஸ்டீரியோவுக்கு ஆலன் பிளம்லைன் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1931இல். அமெரிக்காவின் கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் 1961 முதல் பழைய மோனோ பாடல்களை ‘டியூவோஃபோனிக்’ என்று பெயர் சூட்டிப் போலி ஸ்டீரியோவாக விற்றது. சாம்பிள்கள் மோனோவாகவே இருந்ததற்குக் காரணம் நினைவகச் சிக்கனம். 1994இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ 32 என்ற கணினி ஒலி அட்டையில் சாம்பிளுக்கு இருந்த ராம் 512 கிலோபைட். மோனோவிலேயே ஆறு வினாடி தாங்காது. போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். பாட்டை ஸ்டீரியோவாக்குகிறவரிடம் இல்லாத ஒரு சொத்து சாம்பிள் கருவி வைத்திருப்பவரிடம் இருக்கிறது: பக்கத்து வீடு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1997 முதல் இலவசமாகத் தரும் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரொலி இல்லாத அறையில் பதிவான அதன் மோனோ ஃப்ளூட்டில், ஒவ்வொரு அரை ஸ்வரமும் தனித்தனியாக ஊதப்பட்டிருக்கிறது. ஒரு கட்டையை அழுத்தும்போது இடப்பக்கம் அதன் சொந்த சாம்பிளை ஒலிக்க விடுங்கள். வலப்பக்கத்துக்கு ஒன்றரைக் கட்டையின் சாம்பிளைக் கடன் வாங்கி, அரை ஸ்வரம் கீழே இறக்கி ஒலிக்க விடுங்கள். அவ்வளவுதான்.

இப்போது கடையில் நிற்பது ஜெராக்ஸ் அல்ல, பக்கத்து வீட்டுக்காரரின் அசல் அட்டை, கைரேகையும் வேறு. இரண்டும் அதே ஃப்ளூட், அதே கலைஞர், அதே மைக், ஆனால் வேறு வேறு மூச்சு. குழலின் வாயில் காற்று உரசும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஒரு தடவை போல மறுதடவை வராது. அதனால் இரண்டு காதுக்கும் வேறு இரைச்சல் போகிறது, அது நடு மண்டையை விட்டு இருபுறமும் விரிகிறது. நாதத்தின் ஊசலாட்டமும் இரண்டிலும் ஒத்துப்போகாமல் மெல்ல விலகி, மெல்லச் சேர்கிறது. மூளை தேடும் வேறுபாடு இதுதான். போனில் கேட்டாலும் தாமதத் தந்திரம்போல அளவெடுத்த இடைவெளியில் ஓட்டை விழாது. அங்கங்கே ஒரு மேல்சுரம் கொஞ்சம் மங்கும், அவ்வளவே.

சுருதி இறக்கும் வேலையும் நமக்கு இல்லை. ‘இந்தச் சாம்பிளின் சொந்தக் கட்டை ஒன்றரை’ என்று எழுதிவிட்டு ஒரு கட்டையில் பொருத்தினால், மென்பொருளே 1.0595 மடங்கு மெதுவாக ஓட்டிச் சுருதியைச் சேர்த்துவிடும். எஸ்எஃப்இசட் வகைக் கருவி வெறும் உரைக்கோப்பு. அதில் ஒரே கட்டைக்கு இரண்டு பத்தி எழுதி, ஒன்றின் பேன் அளவை, அதாவது இட வலச் சாய்வை, மைனஸ் 100, மற்றதை 100 என்று வைத்தால் முடிந்தது. ஒலிக்கோப்பைத் தொடவே வேண்டாம். சவுண்ட்ஃபான்ட் 2 என்ற இன்னொரு வகைக் கருவிக்கோப்பில் இன்னும் வேடிக்கை. அதற்குள் ஸ்டீரியோ சாம்பிள் என்று ஒன்று கிடையவே கிடையாது. இரண்டு மோனோ சாம்பிளுக்கு இடம், வலம் என்று முத்திரை குத்தி முடிச்சுப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியவை சில. இரண்டு சாம்பிளும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும். ஒன்று ஒரு மில்லிவினாடி முந்தினாலும், அதாவது ஒலிக்கோப்பில் 44 புள்ளி முந்தினாலும், ஹாஸ் சொன்னபடி ஒலி அந்தப் பக்கம் சாயும். உச்சக் கட்டைக்கு மேலே வீடு இல்லை, அதற்குக் கீழ்வீட்டில் கடன் வாங்குங்கள். இரண்டையும் ஒரே கோப்பாக ஒட்டாதீர்கள். ஒட்டினால் இரண்டின் லூப்பும், அதாவது நாதம் நீளத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பகுதியும், ஒரே அளவில் இருந்தாக வேண்டும். தவிர, சில எடிட்டர்கள் சேமிக்கும்போது லூப் குறிப்பையே விழுங்கிவிடும். பிறகு கட்டையை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் நாதம் பாதியில் அறுந்துவிடும்.

‘செயற்கை நுண்ணறிவு ஸ்டீரியோ’ என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். ஒரு பாட்டில் கலந்த வாத்தியங்களைப் பிரித்து இடம், வலமாக நிறுத்த அது உதவலாம். ஒற்றை ஃப்ளூட்டின் ஒற்றை ஸ்வரத்தில் பிரிக்க என்ன இருக்கிறது?

பியானோ, தம்பூரா போல அகலமாக ஒலிக்க வேண்டியவற்றைப் புதிதாகப் பதிவு செய்வதானால் முதலிலேயே இரண்டு மைக் வையுங்கள். ஃப்ளூட் போல ஒரே புள்ளியிலிருந்து வரும் வாத்தியத்துக்கு மோனோ ஒரு குறையே இல்லை. ஸ்டீரியோ ரிவெர்ப் கொஞ்சம் சேர்த்தாலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். அதற்கு மேலும் ஆசைப்பட்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எதைச் செய்தாலும் மோனோ அசலை அழித்துவிடாதீர்கள்.