ஊர் ஒன்று, எழுத்து எத்தனை?

திருமுல்லைவாயிலில் குடியிருக்கும் தோழர் ஒருவர் சென்ற மாதம் நம்மைத் தேடி வந்தார். லேத்துப் பட்டறையில் வேலை. கையிலே எண்ணெய்க் கறை, கண்ணிலே கலக்கம். மகளின் படிப்புக்கு உதவித் தொகை கேட்டு மனுப் போட்டார். மனு திரும்பி வந்துவிட்டது. குற்றம் என்ன? ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு சான்றிதழில் 'டி'யை அடுத்து 'எச்' இருக்கிறது. இன்னொன்றில் 'எச்' இல்லை! எழுத்து வேறென்றால் ஊரும் வேறாக இருக்குமோ என்று ஐயம் கொண்டார் அலுவலர். இரண்டும் ஒரே ஊர்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரச் சொன்னார். அந்த அலைச்சலில் ஒரு நாள் கூலி போயிற்று. பத்திரச் செலவு தனி.

"தோழர், நான் குடியிருக்கிற ஊர் எது என்று எனக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டார். கேள்வி சிறியது. பதில் சொல்ல வேண்டியவர்களோ பலர்!

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார வண்டியில் ஏறிப் பாருங்கள் — 1931-லேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கிய தடம் அது. எழும்பூர் வருகிறது. தமிழ்ப் பலகையில் ழகரம் நிமிர்ந்து நிற்கிறது. ஆங்கிலப் பலகையிலோ அது 'ஜி' ஆகி, ஊர் எக்மோர் ஆகிறது. பழவந்தாங்கல் வருகிறது. அங்கே அதே ழகரத்துக்கு 'இசட்', 'எச்' என்று இரண்டு எழுத்து. இறங்கிப் பேருந்து பிடித்துச் சோழிங்கநல்லூர் போனால், அங்கே ழகரம் வெறும் 'எல்'! ஒரே நகரம், ஒரே எழுத்து, மூன்று வேடம்!

எழும்பூருக்கு அடுத்த நிலையம் சேத்துப்பட்டு. ஆங்கிலத்தில் அது சேட்பெட். ஆங்கிலப் பலகையை மட்டும் படிப்பவர், சைதாப்பேட்டையைப் போல இதுவும் ஒரு பேட்டை என்றுதானே எண்ணுவார்? பட்டு பேட்டையாயிற்று, கேட்பாரில்லை.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது? கும்பினிக் காலத்துத் துரைமார் காதில் விழுந்ததை எழுதினார்கள். நாவில் வராததை நறுக்கினார்கள். திருவல்லிக்கேணி அப்படித்தான் டிரிப்ளிகேன் ஆயிற்று. அவர்கள் போய்விட்டார்கள். பின்னர் ஒவ்வோர் அலுவலகமும் தன் விருப்பம்போல் எழுதிற்று.

திருத்த முயலவில்லையா? முயன்றார்கள். 2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றித் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. நோக்கம் நன்று, எழும்பூருக்கு ழகரம் திரும்பிற்று. ஆனால் வேலூர் என்ன ஆயிற்று? 'வே' நெடில் என்பதற்காக 'இ' என்ற ஆங்கில எழுத்தை இரட்டித்தார்கள். ஆங்கிலம் படித்தவன் அதை வீலூர் என்றான்! ஊர் சிரித்தது. அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. மருந்து தேவைதான், அளவு தவறினால் அதுவே நோயாகும்.

"ஒலி பிசகாமல் எழுதினால்தான் சரி" என்பார் சிலர். அவர்களை நாம் கேட்கிறோம்: ஆங்கிலேயன் தன் ஊரை அப்படியா எழுதுகிறான்? லண்டனில் கிரெனிச் என்று அவன் சொல்லும் ஊரை, எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'கிரீன்விச்' என்றல்லவா வரும்? ஆயினும் அங்கே குழப்பமில்லை. ஏன்? எல்லோரும் ஒரே விதமாக எழுதுகிறார்கள்! ஆகவே முதல் தேவை ஒருமைப்பாடு. அடுத்தது, ஊரார் தம் ஊரை அடையாளம் காணும்படி எழுதுவது.

பெயர் மாற்றினால் வானம் இடிந்து விழும் என்று அஞ்சுவோருக்கும் ஒரு சொல். 1969 சனவரி 14-ல் மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. 1996-ல் மெட்ராஸ் நகரம் ஆங்கிலத்திலும் சென்னை ஆயிற்று. நாடே ஏற்றுக்கொண்டது. ஆயினும் உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்ற பெயரையே தாங்கி நிற்கின்றன. ஊர்ப் பெயர் வேறு, நிறுவனத்தின் பதிவுப் பெயர் வேறு. நிறுவனத்தின் பெயரை நாமாக மாற்றி எழுதக் கூடாது.

வேற்றுச் சொல் கலந்துவிட்டது என்பதற்காக வெட்டி எறியவும் வேண்டாம். குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்றது குரோம்பேட்டை. அது உழைப்பாளி வியர்வை சிந்திய இடத்தின் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது 'குரோம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உள்ள எழுத்தே அங்கு இருக்கட்டும்.

தோழர்கள் செய்ய வேண்டியது என்ன? பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஊரின் எழுத்து எப்படி இருக்கிறதோ, அதையே பள்ளியிலும் வங்கியிலும் குடும்ப அட்டையிலும் கேட்டு எழுதச் செய்யுங்கள். மனு எழுதுபவரிடம் "நீங்களே போடுங்கள்" என்று விட்டுவிடாதீர்கள். முகவரியில் அஞ்சல் குறியீட்டு எண்ணை மறவாதீர்கள். எழுத்து மாறினாலும் எண் காட்டிக் கொடுக்கும்.

அரசு செய்ய வேண்டியது என்ன? மொழியறிஞரையும் ஊராரையும் கலந்து, ழகரத்துக்கும் 'ஊர்' என்பதற்கும் ஒரே முறை வகுத்து, ஒரே பட்டியல் வெளியிட வேண்டும். அதுவரை பழைய எழுத்தும் புதிய எழுத்தும் ஒரே ஊரைத்தான் குறிக்கும் என்று எல்லா அலுவலகங்களுக்கும் ஆணையிட வேண்டும். ஓர் 'எச்'சுக்காக எந்தத் தொழிலாளியும் ஒரு நாள் கூலியை இழக்கக் கூடாது!

திருமுல்லைவாயில் தோழரின் மனு, பத்திரத்தோடு மறுபடியும் போயிருக்கிறது. அவர் பெண் படிக்கட்டும். படித்து, நாளை அவளே அலுவலராக அமரட்டும். அப்போது எழுத்து மாறி வந்த மனுவைப் பார்த்து அவள் சொல்வாள்: "இந்த ஊர் எனக்குத் தெரியும்!"