முட்டிக்குள் ஒரு சப்ஜா மூட்டை

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 58. முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுத்ததில் "தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு" என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து மொட்டை மாடிக்கு ஏறுவதில்லை, கோயிலுக்கு நடப்பதில்லை, கூப்பிடு தூரத்துக் கடைக்கும் ஆட்டோ. அவருடைய கேள்வி இது: "தேய்கிற பொருள்தானே ஐயா? நடையைக் குறைத்துக்கொண்டால் இருப்பது இன்னும் கொஞ்ச காலம் வருமா?"

நியாயமான கேள்வி. செருப்பு தேய்கிறது, டயர் தேய்கிறது, அம்மி தேய்கிறது. புழக்கத்தைக் குறைத்தால் நாள்பட வருகிறது. 'தேய்மானம்' என்ற சொல்லைக் காதில் வாங்கிய யாரும் இந்தக் கணக்கைத்தான் போடுவார்கள். ஆனால் முட்டி அந்தக் கணக்கில் அடங்காது. இந்த ஒரு சொல் எத்தனை அம்மாக்களையும் அப்பாக்களையும் நாற்காலியோடு கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கோழிக்காலைக் கடித்துத் தின்றவர்களுக்குத் தெரியும்: எலும்பின் நுனியில் நீலம் ஓடிய வெள்ளையில், வழவழவென்று ஒரு தொப்பி இருக்கும். அதுதான் மூட்டுக் குருத்தெலும்பு. நம் முட்டியில் அதன் கனம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர். முட்டிச் சில்லின் பின்புறத்தில் மட்டும் 6 மில்லிமீட்டர் வரை போகும். ரத்தக் குழாய் கிடையாது. நரம்பு கிடையாது. எடையில் முக்கால் பங்கு வெறும் தண்ணீர். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் முட்டியில் இறங்குகிறது. 60 கிலோ ஆளென்றால் ஓர் அரிசி மூட்டையைவிட அதிகம், ஒரு நாளைக்குச் சில ஆயிரம் தடவை, அறுபது எழுபது வருடத்துக்கு. தண்ணீரை வைத்துக்கொண்டு இது எப்படித் தாங்குகிறது?

இதற்கு விடை ஃபலூடா கடையில் இருக்கிறது. சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். துளியூண்டு விதை, சற்று நேரத்தில் பசை உறை கட்டி உப்பிவிடும். விதையின் மேல் தோலில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் தண்ணீரை இழுத்துத் தம்மோடு நிறுத்திக்கொள்கின்றன. இப்போது அந்த விதையை ஒரு சின்னத் துணிப்பையில் முக்கால் பைக்கு நிரப்புங்கள். நெருக்கமாக நெய்த துணியாக இருக்கட்டும். வாயைத் தைத்துத் தண்ணீரில் போடுங்கள். விதை உப்பும், துணி விடாது. விதை இன்னும் உப்பப் பார்க்கும்; துணி இன்னும் இறுக்கும். ஏதோ ஓர் இடத்தில் இரண்டும் சரிக்குச் சரியாக நின்றுவிடும். அப்போது பையை விரலால் அமுக்கிப் பாருங்கள், கிரிக்கெட் ஆடும் ரப்பர் பந்துபோல் விறைத்திருக்கும். விதை மெத்தென்றுதான் இருக்கிறது, துணி துவண்டுதான் கிடக்கும், தண்ணீருக்கு உருவமே இல்லை. மூன்றும் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்து இழுப்பதில் அந்த விறைப்பு பிறக்கிறது.

குருத்தெலும்பும் இப்படித் தைத்த பைதான். அதில் விதையின் வேலையைப் பார்ப்பது அக்ரிகான் என்ற மூலக்கூறு. பாட்டில் கழுவும் பிரஷை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம்பி ஒரு புரதம்; அதிலிருந்து சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட சர்க்கரை இழைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இழை நெடுக சல்ஃபேட். எல்லாம் எதிர்மின் சுமை. அதனால் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன; சோடியத்தை இழுத்துவைக்கின்றன; உப்பு சேர்ந்த இடத்துக்குத் தண்ணீர் தானாக வருகிறது. தடையில்லாமல் விட்டால் அக்ரிகான் எவ்வளவு விரியுமோ, அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அதைக் குருத்தெலும்பு அடைத்துவைத்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே ஒன்று முதல் இரண்டு வளிமண்டல அழுத்தம். பங்க்சர் கடையில் கார் டயருக்கு 30 பாயிண்ட் காற்று அடிக்கிறார்களே, அது சுமார் இரண்டு வளிமண்டலம். நம் முட்டிக்குள் தண்ணீராலேயே காற்றடித்து வைத்திருக்கிறது.

துணியின் வேலையைப் பார்ப்பது கொலாஜன், அதிலும் இரண்டாம் வகைக் கொலாஜன். இதன் நெசவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. அடியில் எலும்பை ஒட்டி வேர்விட்டுச் செங்குத்தாக எழும் இழைகள், நடுவில் வளைந்து, மேற்பரப்புக்கு வந்ததும் பாய் விரித்ததுபோல் படுத்துக்கொள்கின்றன. உரசல் வரும் இடத்தில் படுக்கைவாட்டம், கழன்றுவிடக் கூடாத இடத்தில் ஆணி அடித்ததுபோல் நெட்டுவாட்டம்.

இப்போது காலை ஊன்றுங்கள். பாரம் இறங்கியதும் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறப் பார்க்கிறது. ஆனால் அந்தப் பிரஷ் இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகள் சில நானோமீட்டர்தான். தண்ணீர் முழுதாக வெளியேற மணிக்கணக்காகும். ஓர் அடி ஒரு விநாடிகூட நீடிப்பதில்லை. ஓட வழியில்லாமல் சிக்கிய தண்ணீர் அழுத்தம் ஏறி நிற்கிறது. பாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் முதலில் சுமப்பது அந்தத் தண்ணீர்தான். இழைகளின் தலையில் விழுவது மிச்சம். இரண்டு குருத்தெலும்புப் பரப்புகளுக்கு இடையே உராய்வு, பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவு. காலைத் தூக்கியதும் அக்ரிகான் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ரத்தக் குழாய் இல்லாத திசு என்றேனே, அதற்கான சத்து மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும். அப்படி ஊறுவதற்கு இந்த அமுக்கலும் விடுதலும் கைகொடுக்கிறது. தண்டுவடம் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்களின் முட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாரமே ஏறாத அந்தக் குருத்தெலும்பு மெலிந்துகொண்டே போயிருந்தது. தஞ்சாவூர் அம்மாவின் கேள்விக்குப் பாதி விடை இதுதான்.

வரலாறும் சொல்ல வேண்டும் அல்லவா? லண்டனில் வில்லியம் ஹன்டர் 1743-ல் மூட்டுக் குருத்தெலும்பைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஒருமுறை அழிந்தது திரும்புவதில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார். 1925-ல் பென்னிங்ஹோஃப் என்ற ஜெர்மானியர் இழைகளின் வளைவு நெசவை விவரித்தார். தண்ணீர் பாரம் சுமக்கும் கணக்கை அமெரிக்காவில் வான் மோவும் கூட்டாளிகளும் 1980-ல் சமன்பாடுகளாக எழுதினார்கள். போதும்.

மூட்டு கெடும் விதத்துக்கு வருவோம். பையின் துணியில் அங்கங்கே நூல் அறுகிறது என்று வையுங்கள். விதைக்கு என்ன ஆகும்? இத்தனை நாள் இறுக்கிப் பிடித்த கை தளர்ந்ததும் இன்னும் தண்ணீரைக் குடிக்கும். பை பெருக்கும், தொளதொளக்கும். தேய்மானம் என்று நாம் சொல்லும் மூட்டுவாதத்தின் தொடக்கத்தில் நடப்பது இதுவே. கெடத் தொடங்கிய குருத்தெலும்பில் நீர் குறைவதில்லை, கூடுகிறது. 'முட்டியில் கிரீஸ் வற்றிப்போச்சு' என்று சொல்லிக்கொள்கிறோமே, அதற்கு நேர் எதிர். தேய்வதற்கு வெகு முன்பே அது உப்பி மென்மையாகிறது. சந்துகள் அகன்றுவிட்டதால் தண்ணீர் சுலபமாக நழுவுகிறது; அது சுமந்த பாரம் இழைகளின் மேல் விழுகிறது; மேலும் நூல் அறுகிறது. பிரஷ்கள் துண்டு துண்டாகி மூட்டுத் திரவத்தில் கரைந்து போகின்றன. பை வற்றுவது, மேற்பரப்பு நார் நாராகப் பிரிவது, எக்ஸ்ரேயில் இடைவெளி குறைந்து தெரிவது எல்லாம் இதற்கப்புறம். தேய்மானம் கதையின் கடைசி அத்தியாயம். நாம் அதையே கதைக்குத் தலைப்பாக வைத்துவிட்டோம்.

நூலை அறுப்பது யார்? வெளியிலிருந்து யாரும் வரவில்லை. பைக்குள்ளேயே ஒரு தையற்காரர் குடியிருக்கிறார்: குருத்தெலும்புச் செல். மொத்த இடத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் இந்தச் செல்கள். ஒன்றுக்கொன்று தொடாமல், தனித் தனிக் குழியில், வாழ்நாள் முழுக்க ஒற்றை ஆளாக இருக்கின்றன. கையில் ஊசியும் உண்டு, கத்தரியும் உண்டு. பழுதான இழையை வெட்டிப் புதிதை வைக்கக் கத்தரி தேவைதான். அடிபடுதல், ஜவ்வு கிழிதல், முதுமை, உடற்பருமன், மூட்டின் உள்சவ்வில் அழற்சி என்று தொல்லை மேல் தொல்லை வரும்போது தையற்காரர் நிலை தடுமாறுகிறார். எம்.எம்.பி.-13 என்ற நொதி துணியை வெட்டுகிறது; அடாம்ட்ஸ்-5 என்ற நொதி விதையின் பசையை வெட்டுகிறது. வெட்டுண்ட துணுக்குகளே மறுபடி செல்லைத் தூண்டி இன்னும் வெட்ட வைக்கின்றன.

அவர் தைக்கவும் பார்க்கிறார். பசையைப் புதிதாகச் செய்ய அவரால் முடியும். துணியை முடியாது. இதைக் காட்டியது அணுகுண்டு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த வெடிப்புச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இருமடங்காகி, பிறகு மெல்லக் குறைந்தது. உடலில் எந்த ஆண்டு எது உருவானதோ அதில் அந்த ஆண்டின் கார்பன் பதிந்திருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2016-ல் முட்டிக் குருத்தெலும்பின் கொலாஜனை இப்படி அளந்தார்கள். பிள்ளைப் பருவத்திலும் வளர் பருவத்திலும் நெய்த துணி அப்படியே இருந்தது. மூட்டுவாதம் வந்தவர்களிடமும் புது நெசவு ஏதும் இல்லை. முதுமையில் நாம் ஊன்றி நடப்பது பள்ளிக்கூட வயதில் நெய்த துணியின் மேல்.

இதைத் தெரிந்துகொண்டால் விளம்பரங்களைப் படிக்கும் விதமே மாறிவிடும். ஆட்டுக்கால் சூப் நல்ல உணவு, குடியுங்கள். ஆனால் அதிலுள்ள கொலாஜன் குடலில் செரிந்து அமினோ அமிலங்களாகிவிடுகிறது. நெசவே நின்றுபோன தறிக்கு நூல் அனுப்பிப் பயனில்லை. டப்பாவில் விற்கும் கொலாஜன் பவுடருக்கும் இதைத்தான் சொல்வேன். குளுக்கோசமைன் மாத்திரையை அமெரிக்காவில் 1,583 பேரிடம் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு வலி தணிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 சதவீதம் பேருக்கு. அந்த வித்தியாசம் கணக்கில் நிற்கவில்லை. பிளாஸ்மா ஊசி என்று நம் ஊர்களிலும் இன்று பெரிதாகப் பேசப்படும் பி.ஆர்.பி.யை ஆஸ்திரேலியாவில் 288 பேருக்குப் போட்டுப் பார்த்து 2021-ல் முடிவைச் சொன்னார்கள்: ஓராண்டு கழித்து, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலியிலும் மேலில்லை, குருத்தெலும்பு அளவிலும் மேலில்லை. ஸ்டெம் செல் ஊசி முட்டிவலிக்கு நிரூபணமான சிகிச்சை அல்ல, ஆய்வுக்கு வெளியே போடக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது.

'குருத்தெலும்பை வளர்க்கும் மருந்து' என்ற தலைப்பையும் அவ்வப்போது பார்க்கிறோம். ஸ்ப்ரிஃபெர்மின் என்ற மருந்து உண்மையிலேயே வளர்த்தது. 549 பேரிடம் நடந்த சோதனை, 2019-ல் வெளியானது. இரண்டு ஆண்டில் வெற்று ஊசிக்கும் இதற்கும் வித்தியாசம் 0.05 மில்லிமீட்டர். வலியில் வித்தியாசமே இல்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது, அது எப்படி வலிக்கும்? வலிப்பது அடியிலுள்ள எலும்பு, மூட்டைச் சூழ்ந்த உறை, உள்சவ்வு. அதனால்தான் எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முட்டியோடு வலியில்லாமல் வயலில் நாற்று நடுகிறவர்களும் உண்டு, லேசான மாற்றத்தோடு துடிக்கிறவர்களும் உண்டு. படத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

கடைசிக் கட்டத்தில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை மெய்யாகவே பலன் தருவது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்சவரம்பு விலை வைத்தது எளியவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அந்தக் கட்டத்துக்கு எல்லோரும் போய்ச் சேர்வதில்லை.

தஞ்சாவூர் அம்மாவுக்கு: நடையைக் குறைத்தால் எதுவும் மிச்சப்படாது. தொடைத் தசை இளைக்கும், உடல் எடை கூடும், இரண்டும் முட்டியின் தலையில்தான் விழும். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். தாங்கும் அளவுக்கு வலியோடு நடக்கலாம். மறுநாளும் வலி கூடுதலாக நின்றால் தூரத்தைக் குறையுங்கள், நடையை நிறுத்தாதீர்கள். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ திடீரென்று மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ டாக்டரிடம் போக வேண்டும். மற்றபடி, நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் தொடைத் தசைக்கான பயிற்சியை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். ஊசிக்கென்று எடுத்துவைத்திருக்கும் பணம் அதற்குப் போகட்டும். நாளைக் காலை கோயிலுக்கு ஆட்டோ வேண்டாம் அம்மா. மெதுவாக நடந்தே போய்வாருங்கள்.