எடைக்குப் போட இருந்த பால் ஜக்... அடியில் இருந்தது மெட்ராஸின் பெயர்!

“வெள்ளிதாம்மா. ஆனா ரொம்பப் பழசு. இந்தப் பூ வேலைக்குள்ள எல்லாம் அழுக்கு அடைஞ்சிருக்கு. கழிவு போகத்தான் ரேட் போட முடியும்.”

தி.நகரில் ஒரு வெள்ளிக் கடை. கவுன்டரில் இருந்தவர் சொன்னதற்கு அத்தை தலையாட்டிவிட்டார். எடை மெஷினில் 240 கிராம் என்று காட்டியது. அத்தை மகளின் சீமந்தத்துக்குப் புதிதாக ஒரு தாம்பாளம் வாங்க வேண்டும். 2025-ல் வெள்ளி விலை கிலோ 2 லட்சத்தைத் தாண்டிய பிறகு, வீட்டில் கிடக்கும் பழசைப் போட்டுப் புதுசு எடுப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் நடக்காமல் இருக்குமா?

நான் கூடப் போனது உதவிக்கு அல்ல. ‘வெள்ளி விலை ஏறுது, மக்கள் என்ன செய்றாங்க’ என்று ஒரு குட்டி வீடியோ எடுக்கலாம் என்ற ஆபீஸ் கணக்கு. மெஷினில் இருந்த ஜக்கை எடுத்து, போனில் நன்றாகத் தெரியட்டும் என்று கவிழ்த்துப் பிடித்தேன். அடிப்பக்கம் ஏதோ கீறல் மாதிரி இருந்தது. கேமராவை ஜூம் செய்தால் ஆங்கில எழுத்துகள். ‘பி.ஆர்’ என்பது தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ‘சன்ஸ்’.

“அத்தை, ஒரு நிமிஷம் இருங்க. இதைப் போட வேண்டாம்.”

“ஏண்டி, வீடியோவுக்காகச் சொல்றியா?”

அன்று தாம்பாளம் வாங்காமல் மயிலாப்பூருக்குத் திரும்பினோம். அத்தை பஸ்ஸில் என்னோடு பேசவில்லை.

சாமி போட்ட டீ செட்

அந்த ஜக் எங்களுக்குத் தெரிந்து பூஜை அறைச் சாமான். வெள்ளிக்கிழமைகளில் பாட்டி அதில்தான் பால் எடுத்துச் சின்ன விக்கிரகத்துக்கு அபிஷேகம் செய்வார். உடம்பைச் சுற்றி வாகனத்தில் சாமிகள், குடை, பரிவாரம். கைப்பிடி ஒரு நாகப்பாம்பு. இதைப் பார்த்தால் யாருக்குத்தான் இங்கிலீஷ் சாமான் என்று தோன்றும்?

பாட்டியைக் கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது. “இது தனியா வரலை. டீ கெட்டில், சர்க்கரைக் கிண்ணம், இது. மூணும் ஒரு செட். எங்க மாமனார் மவுன்ட் ரோடு ஏலத்துல எடுத்தது. துரைங்க எல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போனப்போ.” அதாவது 1947-ஐ ஒட்டி. “ஆனா டீ ஊத்துற பாத்திரத்துல சாமியைப் போட்டிருக்கான். வாய் வைக்கிற சாமானா அது? அதான் பால் ஜக்கைப் பூஜைக்கு எடுத்துக்கிட்டேன்.”

மற்ற இரண்டும்?

“உங்க அத்தை கல்யாணத்துக்குப் போட்டு ஆறு டம்ளர் வாங்கினோம்.”

அத்தைக்கும் இது புதுச் செய்தி. பஸ்ஸில் இருந்த கோபம் அங்கேதான் இறங்கியது.

பி.ஆர் அண்ட் சன்ஸ் என்ற பெயர் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. அண்ணா சாலையில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கிற கட்டடத்தைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்திருப்போம். ‘ஆர்’ என்பது இனிஷியல் இல்லை. 1849-ல் நிறுவனத்தைத் தொடங்கிய பீட்டர் ஆர் என்பவரின் குடும்பப் பெயர். கடிகாரத்தில் ஆரம்பித்து, நகை, வெள்ளிச் சாமான் என்று விரிந்த கடை அது. நம் கோயில் சிற்பங்களில் இருக்கும் சாமி உருவங்களை ஆங்கிலேயர் பயன்படுத்தும் டீ கெட்டிலிலும் ஜக்கிலும் புடைப்பு வேலையாகப் பதித்து விற்றார்கள். அந்தப் பாணிக்கே ‘சுவாமி சில்வர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875-76-ல் இந்தியா வந்தபோது, இந்த நிறுவனம் செய்த சுவாமி டீ செட் அவருக்குப் பரிசாகப் போய், அரச குடும்பச் சேகரிப்பில் சேர்ந்தது.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. ஜக்கின் அடியில் இருப்பது கடை முதலாளியின் பெயர். மேலே அத்தனை சாமிகளையும் உளி வைத்துத் தட்டித் தட்டி எழுப்பிய மெட்ராஸ் ஆசாரியின் பெயர் எங்கேயும் இல்லை. நம் வீடுகளில் எவர்சில்வர் டம்ளருக்குக்கூடப் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டி வைக்கிறோம்!

சிங்கம் இருந்தால் இங்கிலாந்து

விஷயம் தெரிந்தவரிடம் காட்டலாம் என்று அடையாறில் இருக்கும் அப்பாவின் நண்பர் வீட்டுக்குப் போனோம். பேங்க் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். இருபது வருடமாகப் பழைய ஆங்கிலேய வெள்ளி ஸ்பூன்கள் சேர்க்கிறார். பாட்டியின் பரணில் இருந்து கூடுதலாக இரண்டு சாமான்கள் எடுத்துப் போயிருந்தேன். ‘துரை கொடுத்த வெள்ளி’ என்று குடும்பமே பெருமை பேசும் ஆறு ஸ்பூன்கள். யாரும் கண்டுகொள்ளாத, சர்க்கரைக் கட்டியை எடுக்கும் ஒரு சின்ன இடுக்கி.

அங்கிள் முதலில் இடுக்கியை எடுத்தார். நகைக் கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்றைக் கொடுத்து, “என்ன தெரியுது சொல்லு” என்றார்.

முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நடக்கும் ஒரு சிங்கம். பக்கத்தில் நங்கூரம். அடுத்து, கட்டத்துக்குள் ஓர் எழுத்து, பாதி தேய்ந்திருந்தது. பிறகு இரண்டு இனிஷியல்.

சிங்கம் என்றால் 1,000 பங்கில் குறைந்தது 925 பங்கு சுத்த வெள்ளி. அதாவது ஸ்டெர்லிங். 1544-ல் இருந்து இந்த முத்திரை இருக்கிறது. ஸ்டெர்லிங் தரத்தைச் சட்டமாக்கியது அதற்கும் முன்னால், 1300-ல். லண்டனில் பொற்கொல்லர் சங்கத்தின் ‘ஹால்’ இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் சோதித்து முத்திரை வாங்கியதால்தான் ‘ஹால்மார்க்’ என்ற வார்த்தையே வந்தது. இன்று நாம் நகைக் கடையில் தினம் உச்சரிக்கும் வார்த்தை ஒரு கட்டடத்தின் பெயர்!

நங்கூரம் என்றால் பர்மிங்காம் நகரத்துச் சோதனைச் சாலை. கடலே இல்லாத ஊருக்கு ஏன் நங்கூரம்? 1773-ல் பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் ஒன்றாக அனுமதி கிடைத்தது. கோரிக்கையோடு லண்டன் போனவர்கள் கூடிப் பேசிய விடுதியின் பெயர் ‘கிரவுன் அண்ட் ஆங்கர்’ என்றும், காசு சுண்டிப் போட்டு ஒரு ஊர் கிரீடத்தையும் இன்னொரு ஊர் நங்கூரத்தையும் எடுத்துக்கொண்டன என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ஷெஃபீல்டுக்குக் கிரீடம்தான். 1974 வரை அதுவே இருந்தது, பிறகு ரோஜா. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை.

கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து, வருடம். ஆண்டுக்கு ஓர் எழுத்து. வரிசை முடிந்தால் எழுத்தின் வடிவத்தையும் கட்டத்தின் வடிவத்தையும் மாற்றி மறுபடி முதலில் இருந்து தொடங்குவார்கள். ஊருக்கு ஊர் வரிசை வேறு. அதனால் முதலில் ஊர் முத்திரையைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அட்டவணையில் எழுத்தைத் தேட வேண்டும். புதிதாகச் சேர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

எங்கள் இடுக்கியில் எழுத்து தேய்ந்துவிட்டதே? அங்கிள் சிரித்தார். “எது இல்லைன்னு பாரு. ராஜா தலை இல்லை, பார்த்தியா? 1784-ல இருந்து 1890 வரைக்கும் வரி கட்டினதுக்கு அடையாளமா அரசர் தலையையும் சேர்த்துக் குத்துவாங்க. அது இல்லை. மத்த முத்திரை எல்லாம் இருக்கு. அப்போ இது பெரும்பாலும் 1890-க்கு அப்புறம் வந்தது.”

பிறகு குடும்பப் பெருமையான ஆறு ஸ்பூன்களைத் திருப்பினார். நான்கு சின்னக் கட்டங்கள், உள்ளே நான்கு எழுத்துகள்: ஈ, பி, என், எஸ். சட்டென்று பார்த்தால் ஹால்மார்க் போலவேதான் இருக்கிறது. அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் கட்டம் போட்டிருக்கிறார்கள். அர்த்தம், நிக்கல் சில்வர் மேல் மின்முலாம். நிக்கல் சில்வர் என்பது நம் ஊரில் ‘ஜெர்மன் சில்வர்’ என்று கொலு கிஃப்ட்டுக்கு வாங்குகிறோமே, அதுதான். செம்பு, நிக்கல், துத்தநாகம். பெயரில் மட்டும் வெள்ளி. பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் 1840-ல் மின்முலாமுக்குக் காப்புரிமை எடுத்த பிறகு, இப்படிப்பட்ட சாமான்கள் மலை மலையாக வந்தன.

இந்தச் செய்தியை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் திரும்பும் வழியெல்லாம் என் கவலை.

முத்திரை இல்லாவிட்டால் போலியா?

இல்லை. இதை அங்கிள் அழுத்திச் சொன்னார். ஆங்கிலேயர் காலத்து மெட்ராஸில் இங்கிலாந்தைப் போலச் சோதித்து முத்திரை குத்தும் சாலை கிடையாது. அதனால் இங்கே செய்த சாமானில் சிங்கம் இருக்காது, நகர முத்திரை இருக்காது. கடையின் பெயர் மட்டும் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. பல சமயம் வெள்ளி ரூபாய்களை உருக்கித்தான் சாமான் செய்தார்கள். அந்தக் கால ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவிகிதம் வெள்ளி. ஸ்டெர்லிங்குக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. ‘சிங்கம் இல்லை, மட்டமான சரக்கு’ என்று யாராவது சொன்னால் நம்பி விடாதீர்கள்.

சிங்கம் இருப்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. வரியைத் தப்பிக்க, சின்னச் சாமானில் முத்திரை வாங்கி, அந்தத் துண்டை வெட்டிப் பெரிய சாமானின் அடியில் பற்றவைத்த கில்லாடிகள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். முத்திரையைச் சுற்றி வாயால் ஊதினால், படியும் ஆவியில் பற்றவைத்த கோடு தெரியும். குடிக்கும் குவளைக்கு மூக்கு வைத்து ஜக்காக மாற்றியதும் உண்டு. இன்னொன்று, பழைய கத்திகளின் பிடியும் மெழுகுவத்தி ஸ்டாண்டின் அடிப்பாகமும் கனமாக இருந்தால் முழுக்க வெள்ளி என்று நினைக்க வேண்டாம். உள்ளே அரக்கு மாதிரி ஏதாவது அடைத்திருப்பார்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பிடி கழன்று கையோடு வரும்.

கடையில் சோதிக்கச் சொல்வதாக இருந்தால், உரைகல்லில் உரசாமல் எக்ஸ்ரே மெஷினில் பார்க்கச் சொல்லுங்கள். கீறல் விழாது. ஆனால் அது மேல்பரப்பைத்தான் படிக்கும். கெட்டியான முலாம் இருந்தால் மெஷினே ஏமாறலாம். அதனால் முத்திரையையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த ஆசை யாருக்காவது தொற்றினால், ஸ்பூனில் தொடங்குங்கள் என்பது அங்கிளின் யோசனை. சின்னது, விலை தாங்கும், முத்திரைகள் ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும். யாருடைய இனிஷியலையோ சுரண்டி எடுத்த சாமானை அவர் வாங்குவதில்லை. சுரண்டிய இடத்தில் தகடு மெலிந்திருக்கும், விரலால் அழுத்தினாலே தெரியும். முன் ஜென்மத்து எஜமானரின் இனிஷியல் இருந்துவிட்டுப் போகட்டுமே!

விபூதியும் ரப்பர் பேண்டும்

இடுக்கியின் எழுத்து ஏன் தேய்ந்தது? அத்தைதான் குற்றவாளி. தீபாவளிக்குத் தீபாவளி சபீனா போட்டுத் தேய்த்திருக்கிறார். சபீனா, டூத் பேஸ்ட் எல்லாமே மெல்ல மெல்ல வெள்ளியைச் சுரண்டும். விபூதி மென்மையானதுதான், ஆனால் முத்திரை மேல் வருடக்கணக்கில் தேய்த்தால் அதுவும் வேலையைக் காட்டும். மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான துணி போதும். புடைப்பு வேலையின் பள்ளங்களில் இருக்கும் கருமையை எடுக்கவே கூடாது. உருவங்கள் எடுப்பாகத் தெரிவது அந்தக் கருமையால்தான். கடைக்காரர் ‘அழுக்கு’ என்று கழிக்கப் பார்த்தது அதைத்தான்.

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீர்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். நம் வீட்டுப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்தால் போதும்.

ஜக் செய்தி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போனதும், நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் ‘நான் அடுத்த முறை வரும்போது எடுத்துட்டுப் போறேன்’ என்று பதில் போட்டான். முடியாது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால், தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியில் வைத்து ஏர்போர்ட் வரை போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

புதிதாக வெள்ளி வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் தங்கத்தைப் போல ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி எண்ணோடு பி.ஐ.எஸ் ஹால்மார்க் தருகிறார்கள். இப்போதைக்குக் கட்டாயம் இல்லை, கேட்டு வாங்க வேண்டும். எண்ணை ‘பி.ஐ.எஸ் கேர்’ ஆப்பில் போட்டுப் பார்க்கலாம். அத்தை தாம்பாளத்தை அப்படித்தான் வாங்கினார், கையில் இருந்து காசு போட்டு. பதிலுக்குச் சீமந்தப் புடவை பட்ஜெட்டில் கொஞ்சம் கத்தரி விழுந்தது.

ஜக் மறுபடி பூஜை அறைக்குப் போய்விட்டது. துரை கொடுத்த ஸ்பூன்கள் முலாம்தான் என்று சொன்னபோது, பாட்டி அசரவே இல்லை. “பாயசம் சாப்பிட எது இருந்தா என்ன?” என்றவர், காபி கொண்டு வந்தார். அன்று எனக்கு மட்டும் வெள்ளி டம்ளரில்.

குடித்து முடித்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் எந்த முத்திரையும் இல்லை. விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக அத்தையின் பெயரும் கல்யாணத் தேதியும்.

“அந்த டீ கெட்டில் இதுதான்” என்றார் பாட்டி.